மன்னர் கேட்டது துறைமுகம்: தூரிகை பதில்கள்

சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே, "பிரெஞ்சுக் கடல் ஓவியர் வெர்னேயைப் பற்றி ஒருநாள் தனியாகப் பேச வேண்டும்" என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். அதனால் இந்த முறை பதில்கள் முழுவதும் அவருக்கே.

கேள்வி: வெர்னே பிறந்த அவிஞ்ஞோன் நகரில் கடல் கிடையாது. கடல் இல்லாத ஊர்க்காரர் எப்படிக் கடல் ஓவியர் ஆனார்? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

அவிஞ்ஞோனில் கடல் இல்லை, ரோன் ஆறு இருக்கிறது. குளோத் ஜோசப் வெர்னே 1714 ஆகஸ்ட் 14 அன்று அங்கே பிறந்தார். அப்பா அந்துவான் அலங்கார ஓவியர். பணக்காரர்களின் பல்லக்குப் பலகைகளிலும் வண்டிகளிலும் பூவும் கொடியும் வரைந்து குடும்பத்தைக் காப்பாற்றியவர். பையன் அப்பாவிடம் தூரிகை பிடித்தான். அப்புறம் உள்ளூரில் பிலிப் சோவான் என்பவரிடமும், எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் ழாக் வியாலி என்பவரிடமும் கற்றுக்கொண்டான். வியாலி கடற்காட்சிகளும் வரைவார். கடல் முதலில் அவனுக்குப் படத்தில்தான் கிடைத்தது.

அந்தக் காலத்தில் அவிஞ்ஞோன் பிரெஞ்சு மன்னருக்குச் சொந்தமில்லை, போப்பாண்டவரின் ஆட்சியில் இருந்தது. அங்கே பிறந்தவனுக்கு ரோம் அந்நிய ஊர் அல்ல. கோமோன் பிரபு என்ற கலை ரசிகர் செலவை ஏற்றுக்கொள்ள, 1734இல் இருபது வயதில் ரோமுக்குப் போனார் வெர்னே. ஏறக்குறைய இருபது வருடம் அங்கேயே தங்கிவிட்டார். லியோன் நகரத்துக்காரரான அத்ரியென் மாங்க்லார் அப்போது ரோமில் கடல் ஓவியத்தில் பேர்போனவர். அவரிடம் கப்பலைப் படித்தார். நேப்பிள்ஸ் கரையோரமாகச் சுற்றிப் பாறைகளைப் படித்தார்.

1745இல் விர்ஜினியா பார்க்கர் என்ற பெண்ணை மணந்தார். அவளுடைய அப்பா போப்பாண்டவரின் கடற்படையில் கேப்டனாக இருந்த அயர்லாந்துக்காரர். கப்பலில் எந்தக் கயிறு எங்கே போகிறது, காற்று திரும்பினால் எந்தப் பாயை முதலில் இறக்குவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டுக்குள்ளேயே ஒரு மாமனார்! வெர்னேயின் கப்பல்களைக் கடல் தெரிந்தவர்களும் மதித்ததில் இந்தத் திருமணத்துக்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

கேள்வி: புயலைப் பார்ப்பதற்காகத் தன்னைப் பாய்மரத்தில் கட்டச் சொன்னாராமே, உண்மையா? (ஒரு கல்லூரி மாணவி, காரைக்கால்)

கதை பரவலானது. கப்பல் புயலில் சிக்கியபோது எல்லாரும் கலங்கி நிற்க, இவர் மட்டும் "என்னை மரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள், அலையைப் பார்க்க வேண்டும்" என்றாராம். இதை ஊரறியச் செய்தவர் பேரன் ஓராஸ் வெர்னே. 1822இல் இதையே பெரிய ஓவியமாக வரைந்தார். அது இன்றும் அவிஞ்ஞோனின் கால்வே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் பேரன் பிறந்தது 1789 ஜூனில், தாத்தா இறந்தது அதே ஆண்டு டிசம்பரில். தாத்தா வாயால் கேட்ட கதையாக இருக்க முடியாது.

எனக்கு அந்தக் கதையில் ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு புயல் இரவு மனிதனை ஓவியனாக்கிவிட்டது என்று அது நம்ப வைக்கிறது. இவரை ஆக்கியது அந்த இருபது வருட ரோம் வாசம். தினமும் நோட்டும் கையுமாகக் கரையில் உட்கார்ந்ததுதான். அந்த உழைப்பைப் பாய்மரத்தில் கட்டி மறைத்துவிடக் கூடாது.

கேள்வி: பிரான்சின் எல்லாத் துறைமுகங்களையும் வரையச் சொல்லி மன்னர் கட்டளையிட்டதாகப் படித்தேன். முழுக்க முடித்தாரா? (ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர், சென்னை)

முடிக்கவில்லை. இருபத்து நான்கு திட்டமிட்டது, பதினைந்தோடு நின்றது. ஆனால் என்னைக் கேட்டால், வெர்னே என்ற பெயர் நிலைப்பது அந்தப் பதினைந்தால்தான். அதனால் இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

பதினைந்தாம் லூயி காலத்தில் அரசுக் கட்டடங்களுக்கும் கலைகளுக்கும் பொறுப்பாக இருந்தவர் மரிஞ்ஞி பிரபு, மன்னரின் அன்புக்குரிய பொம்பதூர் சீமாட்டியின் தம்பி. இத்தாலிப் பயணத்தில் வெர்னேயின் வேலையை நேரில் பார்த்தவர். 1753இல் வெர்னேயைப் பிரான்சுக்கு வரவழைத்து இந்த வேலையைக் கொடுத்தார். ஒரு படத்துக்கு 6,000 லீவ்ர் (அன்றைய பிரெஞ்சு நாணயம்). ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்தரை அடி உயரம், எட்டரை அடி அகலம். நிபந்தனைகளும் இருந்தன. ஊரைப் பார்த்ததும் அடையாளம் தெரிய வேண்டும். அந்த ஊர் எதற்குப் பேர்போனதோ அந்தத் தொழில் படத்தில் நடக்க வேண்டும். மனிதர்கள் அந்தப் பக்கத்து உடையில் இருக்க வேண்டும்.

அதுவரை மனம்போல் பாறையும் புயலும் வரைந்து விற்றவருக்கு இது எப்படி இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். மனைவி மக்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். ஒவ்வொரு ஊரிலும் வீடு பிடித்து, மாதக்கணக்கில் தங்கி, கரையில் நடமாடும் ஆட்களைக் கவனித்து வரைய வேண்டும். மார்செய்யில் இரண்டு படம், பாந்தோல் வளைகுடாவில் ஒன்று, தூலோனில் மூன்று, அந்தீப், செத், போர்தோவில் இரண்டு, பயோனில் இரண்டு, லா ரொஷேல், ரொஷ்ஃபோர், கடைசியாக 1765இல் தியெப்.

தூலோன் மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். தூலோன் கடற்படைத் துறைமுகம். ஒரு படத்தில் முன்புறம் முழுக்கப் பீரங்கிகளும் குண்டுகளும். இன்னொன்றில் கப்பலுக்குப் போகும் உணவுப் பொருள்கள் கிடங்கு வாசலில் இறங்கி ஏறுகின்றன. மூன்றாவதில் மலைச்சரிவில் ஒரு வீட்டு மாடித்தளம். கனவான்கள் பந்து உருட்டி விளையாடுகிறார்கள், துறைமுகம் எங்கோ தூரத்தில் கிடக்கிறது. ஒரே ஊர்தான். போர்த்தளவாடம், சாப்பாடு, பொழுதுபோக்கு என்று மூன்று முகத்தைக் காட்டிவிட்டார்.

செத் துறைமுகத்தில் மட்டும் பழைய மனம் தலைதூக்கிவிட்டது. கடலுக்குள்ளிருந்து பார்ப்பதுபோல் அமைத்து, முன்புறத்தில் கொந்தளிக்கும் அலைகளை நிறைத்துவிட்டார். நகரம் பின்னால் போய்விட்டது. மரிஞ்ஞி விடவில்லை. துறைமுகங்களை உள்ளபடி பார்ப்பதுதான் மன்னரின் நோக்கம், அதை மறந்துவிடாதீர்கள் என்று கடிதம் எழுதினார். கற்பனையை இது கட்டிப்போடும் என்பது தெரியும், ஆனாலும் இரண்டையும் சேர்த்துச் செய்யும் திறமை உங்களுக்கு உண்டு என்றும் சேர்த்துக்கொண்டார். அதிகாரி எழுதும் கடிதத்தில் இத்தனை நயம் அபூர்வம். கலைஞனை அடக்கிய கடிதம் என்று சிலர் இதைச் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. அந்தக் கண்டிப்பு இல்லாமல் போயிருந்தால், இவர் பதினைந்து ஊரிலும் பதினைந்து புயல் வரைந்துவிட்டுப் போயிருப்பார். கண்ணை மேகத்திலிருந்து இறக்கி, பீப்பாய் உருட்டுகிறவன் மேல் வைக்கச் சொன்னவர் மரிஞ்ஞி.

சரி, ஏன் நின்றது? 1756இல் இங்கிலாந்தோடு ஏழாண்டுப் போர் மூண்டது. கஜானா காலியானது. பணம் தாமதமாக வந்தது. குடும்பத்தோடு ஊர் மாற்றுகிற செலவு இவர் தலையில். தனியார் கொடுக்கும் விலையோடு பார்த்தால் மன்னர் வேலை பெரிய லாபமுமில்லை. ஆளும் அலைந்து களைத்துவிட்டார். 1760களின் தொடக்கத்தில் பாரிசில் குடியேறி, தியெப்போடு முடித்துக்கொண்டார். அலைச்சலின் நடுவே ஒரு நல்ல காரியம் நடந்தது. போர்தோவில் இருந்தபோது 1758 ஆகஸ்ட் 14 அன்று, தன் பிறந்தநாளிலேயே, மகன் கார்ல் பிறந்தான். பின்னாளில் குதிரை ஓவியத்தில் பேர் வாங்கிய கார்ல் வெர்னே அவன்தான். பாய்மரக் கதையை வரைந்த ஓராசின் அப்பா.

கேள்வி: பெரிய பெரிய கப்பல்களை மட்டும்தான் வரைந்தாரா? மீன்பிடிக்கிறவர்களை வரைந்திருக்கிறாரா? (ஒரு வாசகர், அக்கரைப்பேட்டை, நாகப்பட்டினம்)

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். நானும் உங்கள் பக்கத்துக்காரன்தான். நாகையில் ஓவிய ஆசிரியராக இருந்தவன்.

வரிசையில் இரண்டாவதாகச் சொன்னேனே பாந்தோல், அந்தப் படம் முழுக்கச் சூரை மீன் வேட்டை. மன்னருக்குப் போகிற படத்தின் நட்ட நடுவில் மீனவர்கள்! அந்தக் கரையில் 'மத்ராக்' என்று ஒரு மீன்பிடி முறை இருந்தது. சூரை கரையோரமாகக் கூட்டமாகப் போகும் பருவம் தெரிந்து, கடலுக்குள் நீளச் சுவராக வலையை நட்டுவிடுவார்கள். மீன் சுவரை ஒட்டியே நீந்தி, வலையாலேயே கட்டிய அறைக்குள் போகும். ஒரு அறையிலிருந்து அடுத்தது என்று போய், கடைசி அறைக்கு வந்துவிட்டால் திரும்ப வழியில்லை. அந்தக் கடைசி அறைக்குத் தரையும் வலைதான். சுற்றிலும் படகுகளை நிறுத்தி, ஆட்கள் குனிந்து அந்தத் தரையைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே இழுப்பார்கள். மீன் மேல்மட்டத்துக்கு வந்து துள்ளும். கொக்கியால் குத்திப் படகுக்குள் போடுவார்கள்.

வெர்னே வரைந்தது அந்தக் கடைசிக் கட்டத்தை. படகுகளுக்கு நடுவே தண்ணீர் வெளுத்துக் கொதிக்கிறது. அதைச் சுற்றி இன்னொரு வரிசைப் படகுகளில் பட்டாடை உடுத்திய பெண்களும் ஆண்களும் வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். இந்த வேட்டையைப் பார்க்கக் கூட்டம் கூடுவது அங்கே வழக்கம்தான். ஒரே தண்ணீரில் ஒருவனுக்குப் பிழைப்பு, இன்னொருவனுக்குப் பொழுதுபோக்கு. வெர்னே யார் பக்கமும் பேசவில்லை. ஆனால் வெளிச்சத்தை எங்கே விழவிட்டிருக்கிறார் என்று பாருங்கள்.

இதன் அச்சுப் பிரதி ஒன்றை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். வலை பின்னுகிற என் சித்தப்பா ஒருமுறை பள்ளிக்கு வந்தவர், அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். ஓவியம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "வலை இழுக்கிறவன் எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சா படகு கவுந்துடும். இந்தப் பக்கம் பாரம் வச்சிருக்கானா பாரு" என்று விரலால் தேடிக்கொண்டே போனார். பிறகு, "இவன் படகுல ஏறிப் பார்த்தவன்தான்டா" என்றார். வெர்னேயைப் பற்றி நான் கேட்ட பாராட்டுகளில் எனக்கு ஒசத்தி இதுதான். அந்தக் காலத் தத்துவ அறிஞரும் கலை விமர்சகருமான தித்ரோ எழுதியதெல்லாம் அப்புறம்.

கேள்வி: புதுச்சேரிக்குக் கப்பல் புறப்பட்ட துறைமுகம் அந்தப் பதினைந்தில் இருக்கிறதா? (ஒரு வாசகி, புதுச்சேரி)

இல்லை. பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாய்த் துறைமுகம் லோரியான், பிரான்சின் வடமேற்கில் பிரித்தானி என்ற பகுதியின் கரையில். வெர்னே அந்தப் பக்கம் போகுமுன்பே வேலை நின்றுவிட்டது. கடற்படையின் பெரிய தளமான பிரெஸ்ட்டும் விட்டுப்போனது. புரட்சிக்குப் பிறகு ழான் பிரான்சுவா யூ என்ற ஓவியரிடம் வேலையைத் தொடரச் சொன்னார்கள். பிரெஸ்ட், லோரியான், சேன் மாலோ எல்லாம் அவர் கையால் வந்தவை.

ஆனாலும் உங்கள் ஊருக்கும் இந்தப் படங்களுக்கும் ஓர் உறவு இருக்கிறது. வெர்னே மார்செய்யில் முதல் படங்களை வரைந்துகொண்டிருந்த 1754இல்தான் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸ் புதுச்சேரியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டார். 1757இல் பிரெஞ்சுத் தளபதி லாலி இந்தியாவுக்கு பிரெஸ்ட்டிலிருந்து படையோடு கப்பலேறினார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் விழுந்தபோது வெர்னே பயோன் துறைமுகப் படங்களில் இருந்தார். புதுச்சேரியை இடித்துத் தள்ளியதும், வெர்னேயின் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதும் ஒரே போர். துறைமுகப் படங்களில் கப்பல்கள் அத்தனை கம்பீரமாக நிற்கின்றன. அந்த நேரத்தில் பிரான்சின் கடற்படை அடிமேல் அடி வாங்கிக்கொண்டிருந்தது. இது தெரிந்தபின் தூலோன் படத்துப் பீரங்கிகளை முன்போல் என்னால் பார்க்க முடியவில்லை.

கேள்வி: கடலை மட்டும் வரைந்து ஒருவர் வாழ முடிந்ததா? நானும் கடற்காட்சிகள் வரைகிறேன், அதனால் கேட்கிறேன். (ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்)

நன்றாகவே வாழ்ந்தார். வெர்னே கணக்குப் புத்தகம் வைத்திருந்தவர். யார் கேட்டார், என்ன கேட்டார், விலை என்ன என்று எழுதி வைத்தார். ரோமுக்கு வரும் ஆங்கிலேயப் பிரபுக்கள் அவருக்கு நிரந்தர வாடிக்கை. ஒருவருக்குப் புயல், ஒருவருக்கு அமைதிக் கடல், ஒருவருக்கு நிலவொளி. காலை, நடுப்பகல், மாலை, இரவு என நான்கு படத் தொகுதியாகவும் போகும். பதினைந்தாம் லூயியின் கடைசிக் காலத்துக் காதலி துய் பாரி சீமாட்டிகூட அப்படி ஒரு தொகுதி வாங்கினார்.

நம் ஊரோடு இன்னொரு தொடர்பும் உண்டு. லண்டன் நேஷனல் கேலரியில் 1773இல் வரைந்த ஒரு ஜோடிப் படங்கள் இருக்கின்றன. ஒன்று கப்பல் உடையும் புயல், மற்றது அந்திப் பொழுது. போலந்து மன்னருக்கென்று வரையப்பட்டு, கடைசியில் அவற்றை வாங்கிக்கொண்டு போனவர் ராபர்ட் கிளைவ். ஆற்காட்டுக் கோட்டையில் முற்றுகையைத் தாங்கி நின்ற அதே கிளைவ்தான்.

அந்தப் புயல்களைப் பற்றி என் அபிப்பிராயம்: கைத்திறன் அசாத்தியம், ஆனால் நாலு பார்த்தால் ஐந்தாவதை ஊகித்துவிடலாம். ஓரத்தில் இருண்ட பாறை, சாய்ந்த கப்பல், கயிற்றைப் பிடித்துக் கரையேறுகிறவர்கள், மயங்கிக் கிடக்கும் ஒரு பெண். கேட்டவருக்குக் கேட்டதைக் கொடுத்தார். தித்ரோ மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். வீட்டில் இருந்த எல்லாவற்றையும் எடுத்துக்கொள், வெர்னேயின் படத்தை மட்டும் விட்டுவிடு என்று கடவுளிடம் கெஞ்சி எழுதியவர் அவர். 1767 கண்காட்சியைப் பற்றி எழுதும்போது வெர்னேயின் படங்களை நிஜ இடங்களாகவே பாவித்து, அவற்றுக்குள் நடந்துபோவதாகப் பக்கம் பக்கமாக எழுதினார்.

தம்பி, நீங்கள் கற்க வேண்டியது நிலவுப் படங்களிலிருந்து. வானத்தில் நிலவு, கரையில் அடுப்பு நெருப்பு. தண்ணீரின் ஒரு பக்கம் வெள்ளி, நெருப்பைச் சுற்றி நிற்கிறவர்கள் முகத்தில் சிவப்பு. இரண்டு வெளிச்சமும் ஒன்றையொன்று கெடுப்பதே இல்லை. கரித்துண்டும் சாக்பீசும் வைத்து ஒரு படத்தைப் பார்த்து வரைந்து பாருங்கள், நிலவை எங்கே அடக்கி வாசித்திருக்கிறார் என்பது கைக்குத் தெரியும்.

கேள்வி: பாரிஸ் போகப்போகிறேன். எங்கே, எதை முதலில் பார்க்கட்டும்? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதினைந்தில் பதின்மூன்று த்ரோக்கதேரோவில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. மற்ற இரண்டு லூவ்ர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தவை. வெர்னே கடைசி வருடங்களில் குடியிருந்ததும், 1789 டிசம்பர் 3 அன்று கண்மூடியதும் அதே லூவ்ர் மாளிகைக் குடியிருப்பில்தான். அன்று ஓவியர்களுக்கு அங்கே வீடு கொடுத்திருந்தார்கள்.

லூவ்ரைச் சேர்ந்த 'மார்செய் துறைமுக நுழைவாயில்' படத்தில் தொடங்குங்கள். கரையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறவர் வெர்னேயே. குடும்பத்தையும் பக்கத்தில் சேர்த்திருக்கிறார். அனிபால் காமூ என்ற ஒரு கிழவரும் இருக்கிறார், 117 வயது என்று அந்த ஊரே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். மன்னரின் படத்தில் ஊர்க்கிழவருக்கு இடம்!

அப்புறம் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போய்த் தியெப் படத்தின் முன்புறத்தைப் பாருங்கள், மீன் சந்தை. விற்கிற பெண்களும் தரையில் பரப்பிய மீனுமாக இருக்கும். கைப்பேசியில் கிட்டப் போய் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். எது என்ன மீன் என்று அக்கரைப்பேட்டை வாசகரைக் கேட்டு அடுத்த இதழில் போடுகிறேன்.